லியோனார்ட் உச்சியில் வைத்த விமானம்

சாந்தோமில் கடலுக்கு இறங்கும் சந்து ஒன்றில் குடியிருக்கும் லியோனார்டைத் தேடி வருகிறவர்கள், தெர்மாகோல் லியோ வீடு எது என்று கேட்க வேண்டும். வெறும் லியோனார்ட் என்று கேட்டால் எந்த லியோனார்ட் என்று திருப்பிக் கேட்பார்கள். கோவில் பங்கில் அந்தப் பெயரில் ஏழெட்டுப் பேர் இருக்கிறார்கள். இவர் சட்டையில் எந்நேரமும் சின்னச் சின்ன வெள்ளை உருண்டைகள் ஒட்டிக்கொண்டிருக்கும். கோவிலில் முழங்காலிட்டு எழுந்தால் அந்த இடத்தில் நாலைந்து உருண்டை கிடக்கும். கோவில் கூட்டுகிற அம்மாள், "காலைப் பூசைக்கு லியோ வந்தாரா இல்லையான்னு நான் யாரையும் கேக்க வேணாம், துடைப்பமே சொல்லும்" என்பார்.

வயது ஐம்பத்தெட்டு. பார்த்தால் அறுபத்தைந்து சொல்லலாம். நாற்பத்தெட்டு வருஷமாகத் தலை குனிந்து வெட்டியதில் கழுத்து முன்னால் வந்துவிட்டது. சூட்டுக் கம்பி தெர்மாகோலை அறுக்கும்போது எழும் புகை நெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டு, மூன்று படி ஏறினால் நாலாவது படியில் நிற்க வைக்கிறது. ஒரு நாளும் அவர் அதைக் குறையாகச் சொன்னதில்லை. ராத்திரி ஜெபம் முடிந்ததும், "ஆண்டவரே, கொஞ்சம் அசதியா இருக்கு" என்று மட்டும் சொல்வார். தெரிந்த ஆளிடம் சொல்வது போலத்தான் சொல்வார்.

அவர் அப்பா பாதிரிமார் இல்லத்தில் சமையல் செய்தவர். மகன் ஐந்தாவது படிக்கும்போது இறந்துபோனார். அந்த வருஷமே அம்மா மகனைத் திருவிழா அலங்காரம் செய்யும் ஒருவரிடம் கொண்டுபோய் விட்டாள். முதல் இரண்டு வருஷம் குண்டூசி டப்பாவைப் பிடித்துக்கொண்டு நிற்பதுதான் வேலை. அலங்காரக்காரர் அதிகம் பேச மாட்டார், வேலையில் ஒரே ஒரு சட்டம் வைத்திருந்தார். கீழே பூ, அதற்கு மேலே ஆட்டுக்குட்டி, அதற்கு மேலே மனிதர், பிறகு புனிதர், பிறகு சிறகு வைத்த சம்மனசுகள். எல்லாவற்றுக்கும் உச்சியில் மாதாவின் மணிமுடி. எது பெரியதோ, எது கண்ணை நிறைக்கிறதோ, அது மேலே. கீழே உட்கார்ந்து ஏறிட்டுப் பார்க்கிற சனத்துக்கு உச்சியில் அற்பமான பொருள் தெரியக் கூடாது. பீடமானாலும் தேரானாலும் கிறிஸ்துமஸ் குடிலானாலும் இதேதான். இந்தச் சட்டம் லியோனார்டின் கையில் ஊறிப்போனது.

பத்து வருஷத்துக்கு முன்பிருந்து பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு ப்ராஜெக்ட் செய்து கொடுக்கிறார். எரிமலை, பாராளுமன்றம், மழைநீர் சேகரிப்பு, பல்லின் உட்பகுதி. எதைக் கேட்டாலும் செய்வார். முதன்முதலில் ஆழ்வார்பேட்டையிலிருந்து ஒரு அம்மாள் வந்து மகனுக்கு மனித இதயம் வேண்டும் என்று கேட்டபோது, அழகாகச் சிவப்பு வண்ணம் தீட்டி, சுற்றிலும் முள்முடி வைத்து, மேலே தீச்சுடர் எரிய விட்டுக் கொடுத்துவிட்டார். அவருக்குத் தெரிந்த இதயம் இயேசுவின் திரு இருதயப் படத்தில் இருப்பதுதான். அந்த அம்மாள் கோபப்படாமல், "நாலு அறை வேணும்ங்க, தீ வேணாம்" என்றாள். அன்றிலிருந்து மகள் கரோலிடம் கேட்காமல் எதையும் ஒட்டுவதில்லை.

கரோலுக்கு இருபத்தேழு வயது. அறிவியலில் பட்டம், அதற்கு மேல் ஆசிரியர் படிப்பு. அசோக் நகரில் ஒரு தனியார் பள்ளியில் மூன்றாவது வருஷமாகத் தற்காலிக டீச்சர். ஒவ்வொரு ஏப்ரலிலும் வீட்டுக்கு அனுப்பி, ஒவ்வொரு ஜூனிலும் திரும்பக் கூப்பிடுவார்கள். இந்த வருஷம் ஒரு இடம் நிரந்தரமாகிறது என்றும், அறிவியல் கண்காட்சியைப் பார்த்துவிட்டுத் தாளாளரே முடிவு சொல்வார் என்றும் தலைமையாசிரியை சரோஜாதேவி சொல்லியிருந்தார்.

இதைக் கேட்டதிலிருந்து லியோனார்ட் மனதில் ஒரு எண்ணம் ஓடிக்கொண்டிருந்தது. கரோலுக்கு நிரந்தரமாகிவிட்டால் சூட்டுக் கம்பியைக் கீழே வைத்துவிடலாம். காலைப் பூசைக்குப் போய்வந்து, கடல் காற்றில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து, மத்தியானம் ஒரு தூக்கம் போடலாம். மனைவி லூயிசாவிடம் மட்டும் சொன்னார்.

"மொதல்ல அவளுக்கு ஆகட்டும். அப்புறம் நீங்க தூங்குறதப் பாக்கலாம்" என்றாள் லூயிசா. ஆனாலும் மறுநாளே பாயை வெயிலில் காயப் போட்டாள்.

கண்காட்சிக்குக் கரோல் கேட்டது எட்டடி உயரப் பலகை. தரையிலிருந்து விண்வெளி வரை, அடுக்கடுக்காக. கீழே மரமும் பறவையும் மேகமும், மேலே போகப் போக நீலம் கறுத்து, உச்சியில் கன்னங்கரிய இருட்டு. எது எது எங்கே வரவேண்டும் என்று ஒரு படத்தைப் போனில் அனுப்பியிருந்தாள். அரையாண்டுத் தேர்வுத் தாள் ஒரு கட்டு, கூடவே காய்ச்சல் வேறு. "படத்துல இருக்கற மாதிரியே பண்ணிடுங்க டாடி. ஸ்கூல்ல மாட்டினப்புறம் நான் ஒரு தடவ பாத்துடறேன்" என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டாள்.

லியோனார்ட் நாலு நாள் உழைத்தார். மற்றதெல்லாம் சாதாரணமாக வந்தது. விமானம் மட்டும் அவர் கையை மீறி வந்துவிட்டது. இரண்டு முழ இறக்கை, வெள்ளிக் காகிதம் போர்த்திய உடம்பு, ஜன்னலுக்கு ஜன்னல் குண்டூசித் தலை. செய்து முடித்துவிட்டுப் போனில் இருந்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். அதில் விமானம் கீழேயிருந்து இரண்டாவது வரிசையில், மேகத்துக்குப் பக்கத்தில் ஒண்டிக்கொண்டிருந்தது. அதற்கு மேலே எரிந்து விழும் கல். அதற்கும் மேலே, உச்சியில், சப்பையான டப்பாவில் இரண்டு தகடு செருகினாற்போல ஒரு சேட்டிலைட். இத்தனை அழகான பொருளைக் கீழே வைத்து, டப்பாவைக் கொண்டுபோய் உச்சியில் வைப்பார்களா? படம் போட்டவனுக்கு வேலை தெரியவில்லை என்று நினைத்தார். அன்று சாயங்காலம் மொட்டை மாடிக்கு ஏறி நின்றும் பார்த்தார். மீனம்பாக்கத்திலிருந்து கிளம்பிய விமானம் ஒன்று விளக்கை மினுக்கிக்கொண்டு, நிலாவை உரசினாற்போலப் போய், நட்சத்திரங்களுக்கு நடுவில் கலந்தது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

கரோலை எழுப்பிக் கேட்டிருக்கலாம். காய்ச்சலில் அப்போதுதான் கண்ணயர்ந்திருந்தாள். கேட்கவில்லை.

கண்காட்சி அன்று காலை ஆறரைக்கே கரோல் பஸ் ஏறிவிட்டாள். பலகையை இரண்டு துண்டாக, மெஹபூப் அலியின் லோடு ஆட்டோவில் ஏற்றினார்கள். மெஹபூப் அலி அதே சந்துக்காரன். கடல் மீனிலிருந்து கல்யாணப் பாத்திரம் வரைக்கும் எல்லாம் ஏற்றுகிறவன்.

"இன்னா லியோ அண்ணே, ப்ளேனு இம்மாம் பெருசா கீது? ஒட்டிக்கினு போவியா, ஓட்டிக்கினு போவியா?"

"மெதுவா போப்பா. ரெக்கை இடிச்சுக்கப் போவுது."

"நா பொறந்ததுலேர்ந்து ப்ளேன்ல ஏறுனதில்ல. இன்னிக்குப் பாரு, என் வண்டில ப்ளேனு ஏறிக்கீது."

தி.நகரைச் சுற்றி அசோக் நகர் போய்ச் சேர எட்டரை ஆகிவிட்டது. பலகையை அரங்கத்துக்குக் கொண்டுபோய் நிமிர்த்தி, இரண்டு துண்டையும் சேர்த்துக் கட்டுவதற்குள் லியோனார்டுக்கு இரைக்க ஆரம்பித்தது. ஏணியில் ஒரு கால், தரையில் ஒரு கால் என்று கொஞ்ச நேரம் நின்றுகொண்டார். கரோல் அரங்கத்தின் மறு கோடியில், ஏழாம் வகுப்புப் பிள்ளைகளின் காற்றாலை சுற்றவில்லை என்று ஒயரைப் பல்லால் கடித்து உரித்துக்கொண்டிருந்தாள். தாளாளர் பதினோரு மணிக்கு வருவார். பத்து மணிக்கு அப்பாவின் பலகையைப் பார்த்தால் போதும் என்று இருந்துவிட்டாள்.

லியோனார்ட் ஏணியில் ஏறி, சேட்டிலைட்டை ஒரு முழம் கீழே இறக்கி ஒட்டினார். உச்சியில், இருட்டின் நடுவே, விமானத்தை வைத்தார். இறங்கிவந்து தூரத்தில் நின்று பார்த்தார். வெள்ளிக் காகிதம் குழல்விளக்கு வெளிச்சத்தில் பளபளத்தது. நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார்.

தாளாளர் தனபாலன் ஒன்பதரைக்கே வந்துவிட்டார். பாண்டி பஜாரில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறவர், தூத்துக்குடிப் பக்கம். வெள்ளை வேட்டி சட்டை. கடையில் துணி பார்ப்பது போலவே ஒவ்வொரு மேசையிலும் குனிந்து, தொட்டு, திருப்பிப் பார்த்துக்கொண்டு வந்தார். கரோல் ஒயரைப் போட்டுவிட்டு ஓடி வருவதற்குள் அவர் எட்டடிப் பலகைக்கு முன்னால் அண்ணாந்து நின்றுவிட்டார். பக்கத்தில் தலைமையாசிரியை.

"வேலை நல்லா இருக்கு" என்றார் தனபாலன். பிறகு கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "ஏம்மா, சேட்டிலைட்டுக்கு மேல ஏரோப்ளேன் போகுதே. போகுமா?"

கரோல் அப்போதுதான் மேலே பார்த்தாள். அவள் முகம் வெளுத்ததை லியோனார்ட் கவனித்தார். ஏதோ தப்பு, அதுவும் தன் கையால் நடந்த தப்பு என்பது அவருக்கு அந்த முகத்தில்தான் தெரிந்தது.

ஒரு மூச்சு விடும் நேரம்தான். கரோல் சிரித்தாள். "அது வேணும்னே வச்சது சார். இதுல ஒரு தப்பு இருக்கு, கண்டுபிடிங்கன்னு பசங்களுக்கு ஒரு போட்டி."

"அப்படியா?" தனபாலன் முகம் மலர்ந்தது. "நல்லா இருக்கே. பாத்தீங்களா மேடம், பிள்ளைய யோசிக்க வைக்கணும்னு ஒரு டீச்சருக்குத் தோணியிருக்கு." சரோஜாதேவி தலையாட்டிக்கொண்டு கையிலிருந்த தாளில் எதையோ குறித்தார். கரோல் கண்ணில் உயிர் வந்தது.

தனபாலன் லியோனார்ட் பக்கம் திரும்பினார். "நீங்கதான் செஞ்சதா? தப்பு எடம்னு தெரிஞ்சே ஒட்டுனீங்களா? கை கூசலையா?"

சும்மா, சிரித்துக்கொண்டே கேட்டதுதான். ஆமாம் சார், டீச்சர் சொன்னாங்க, வச்சேன் என்று சொன்னால் போதும். அவர் அடுத்த மேசைக்குப் போய்விடுவார். லியோனார்ட் மகளைப் பார்த்தார். அவள் கண் கெஞ்சியது. காலைப் பூசையில் நன்மை அப்பம் வாங்கிய நாக்கு அது. அதுவும் ஒரு காரணம். ஆனால் உண்மையைச் சொன்னால், அவருக்கு அந்த நேரத்தில் பொய்யைத் தூக்கத் தெம்பில்லை. ஒரு பொய் சொன்னால் அதற்கு முட்டுக் கொடுக்க இன்னொன்று, அப்புறம் அதற்கு ஒன்று. பந்தக்கால் நட்டு நட்டு அலுத்த உடம்புக்கு அது நன்றாகத் தெரியும்.

"இல்ல சார்" என்றார். "சரின்னு நெனச்சுதான் வச்சேன். நா அஞ்சாங்கிளாஸு. டீச்சர் அனுப்புன படத்துல கீழதான் இருந்துச்சு. நாந்தான் மாத்துனேன். அவங்க வந்து பாக்குறதுக்குள்ள நீங்க வந்துட்டீங்க."

தலைமையாசிரியை தாளைப் பார்த்தார். கரோல் தரையைப் பார்த்தாள்.

தனபாலன் கோபப்படவில்லை. "சரி. இவருக்கே சொல்லும்மா. ஏன் அங்க போகாது? எனக்கும் புரியற மாதிரி, தமிழ்ல சொல்லு. இங்கிலீஷ்ல மனப்பாடமா வேண்டாம்."

கரோல் சுற்றிலும் பார்த்தாள். மேசையில் கிடந்த ஒரு தெர்மாகோல் அட்டையை எடுத்தாள்.

"டாடி, பீச் ரோட்ல நீங்க அட்டையத் தூக்கிக்கிட்டு வரும்போது காத்தடிச்சா என்னாகும்?"

"தூக்கும்."

"எப்படிப் புடிச்சா தூக்கும்?"

"முன்பக்கம் லேசா தூக்கிப் புடிச்சா தூக்கும். ஆளையே கொண்டுபோவும். நேராப் புடிச்சா சும்மா கெடக்கும்."

"அதான் ரெக்கை. ப்ளேன் வேகமா ஓடுது, காத்து ரெக்கையில மோதிக் கீழ தள்ளப்படுது, அது ப்ளேனை மேல தள்ளுது. காத்துதான் அதைத் தாங்குது. மேல போகப் போகக் காத்து குறைஞ்சுக்கிட்டே வரும். அங்க," உச்சியைக் காட்டினாள், "ஒண்ணுமே இல்லன்னு வச்சுக்கங்க. ரெக்கை எதுமேல சாஞ்சுக்கும்?"

லியோனார்ட் யோசித்தார். தாளாளர் நிற்பதை மறந்துவிட்டார். "ரெக்கை சும்மா இருந்துட்டுப் போவட்டும். இஞ்சின் தள்ளாதா?"

"இஞ்சினுக்குள்ள தீ எரியணும் டாடி. எரியற மெழுகுவர்த்தி மேல கண்ணாடி டம்ளரைக் கவுத்தா?"

"அவிஞ்சிரும்."

"அது மாதிரி அவிஞ்சிரும். ப்ளேன் போற வழியில காத்தை உள்ள இழுத்துத்தான் எண்ணெயை எரிக்குது. திரும்பணும்னாக்கூட வாலைக் காத்துல சாய்ச்சுத்தான் திரும்பும். அங்க திருப்பவும் முடியாது."

"அப்ப ராக்கெட்டு மட்டும் எப்படிப் போவுது?"

"ராக்கெட் கட்டுச்சோறு கட்டிக்கிட்டுப் போகுது. எரிக்கறதுக்கு வேண்டிய ஆக்சிஜனையும் உள்ளயே அடைச்சு எடுத்துக்கும். வெளிய எதையும் கேக்காது. எரிஞ்ச புகையைப் பின்னால வீசி எறியும், அந்த எறியற வேகத்துல முன்னால போகும். தாங்கிக்க அதுக்குக் காத்து வேணாம்."

சுற்றிலும் பிள்ளைகள் சேர்ந்துவிட்டார்கள். லியோனார்ட் விடவில்லை. "சேட்டிலைட்டுக்கு ரெண்டு ரெக்கை வச்சிருக்கேனே. அது எதுமேல சாஞ்சிருக்கு?"

"அது ரெக்கை இல்ல டாடி, வெயில்ல கரண்ட் எடுக்கற தகடு. சேட்டிலைட் பறக்கல. ராக்கெட் அதைப் பயங்கர வேகத்துல பக்கவாட்டுல வீசிட்டு வந்துடுது. அது பூமியை நோக்கி விழுந்துக்கிட்டேதான் இருக்கு. ஆனா போற வேகத்துல பூமியும் வளைஞ்சுக்கிட்டே போறதால சுத்திச் சுத்தி வருது. தடுக்கறதுக்குக் காத்து இல்லாததாலதான் அந்த வேகம் குறையாம இருக்கு."

"அப்ப, காத்து இல்லாட்டி ப்ளேன் நின்னுபோவும். காத்து இருந்தா சேட்டிலைட் நின்னுபோவும்" என்றார் லியோனார்ட் மெதுவாக.

ஒரு பெண் பிள்ளை அதை நோட்டில் எழுதிக்கொண்டாள். தனபாலன் "ம்" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த மேசைக்கு நகர்ந்தார். கரோல் அப்பாவைப் பார்க்காமல் காற்றாலைப் பக்கம் போய்விட்டாள்.

அதன் பிறகு பகல் முழுக்க லியோனார்ட் அரங்கத்துக்கு வெளியே, வேப்ப மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். பிள்ளைகள் வந்து வந்து போனார்கள். மத்தியானம் லூயிசா போன் செய்தாள். "சாப்பிட்டீங்களா? என்னாச்சு?" என்றாள். "சாப்பிட்டேன்" என்று மட்டும் சொல்லிப் போனை வைத்தார். ஜெபமாலையை எடுத்தார். மூன்றாவது பத்து மணிகளுக்கு மேல் விரல் நகரவில்லை. கண் சொருகிக்கொண்டு போயிற்று.

நாலு மணிக்குப் பிள்ளைகள் கலைந்தார்கள். மறுநாள் பெற்றோர் பார்க்க வருகிறார்கள். அதற்குள் விமானத்தைச் சரியான இடத்தில் மாற்ற வேண்டும். கரோல் தலைமையாசிரியை அறைக்குப் போயிருந்தாள். லியோனார்ட் ஏணியைச் சாத்திவைத்துக் காத்திருந்தார்.

அவள் வந்து ஏணியின் இரண்டு காலையும் பிடித்துக்கொண்டாள். அவர் ஏறினார். நாலாவது படியில் நின்று மூச்சு வாங்கினார். அப்போது கீழேயிருந்து அவள் குரல் வந்தது.

"பெர்மனன்ட் இல்ல. இன்னும் ஒரு வருஷம் டெம்பரவரியாவே இருக்கணுமாம்."

அவர் படியைப் பிடித்துக்கொண்டார். "நா ப்ளேனை வச்சதாலயா?"

"இல்ல." அவள் ஏணியை இறுக்கிப் பிடித்தாள். "பாக்காம விட்டது பரவாயில்லையாம். பாடம் நல்லா நடத்துறாளாம். கேட்டதும் ஒரு பொய்யை ஜோடிச்சாளே, அதைத்தான் ஒரு வருஷம் பாக்கணும்னு சார் சொன்னாராம்."

லியோனார்டின் பாயும் மத்தியானத் தூக்கமும் ஒரு வருஷம் தள்ளிப் போயிருந்தன. அவருக்கு அது பெரிதாகப் படவில்லை. கீழே ஏணியைப் பிடித்திருக்கும் விரல்கள் வெளுத்திருந்ததைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க ஒரு ஆமா சொல்லியிருக்கலாம்" என்றாள் கரோல்.

"சொல்லியிருக்கலாம்மா."

"ஏன் சொல்லல?"

"அசதியா இருந்துச்சு" என்றார். அவளுக்குக் கோபம் வந்தது, பிறகு சிரிப்பு வரப் பார்த்தது, இரண்டும் வராமல் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

அவர் விமானத்தைப் பிடுங்கினார். பசை பிடித்த இடத்தில் கறுப்புக் காகிதம் கொஞ்சம் உரிந்து வந்தது. சேட்டிலைட்டை உச்சிக்கு ஏற்றி ஒட்டினார். ஒரு படி இறங்கி, விமானத்தைப் பலகையில் பொருத்திக் காட்டினார்.

"இங்கயா?"

"இன்னும் கீழ."

இன்னும் ஒரு படி இறங்கினார். "இங்க?"

"அது எரிகல் வர்ற எடம். இன்னும் கீழ வாங்க."

தரைக்கே வந்துவிட்டார். குனிந்து, மேகத்துக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் வைத்தார். "இவ்ளோ கீழயா கரோல்?"

"நெசமா அளந்து வச்சா இதுக்கும் கீழ வரணும்" என்றாள். பக்கத்தில் குந்தி உட்கார்ந்தாள். "சேட்டிலைட் நானூறு கிலோமீட்டர்ல இருக்குன்னு வச்சுக்கங்க. ப்ளேன் பத்து கிலோமீட்டர்ல போகுது. இந்தப் பலகையில தரையிலேருந்து மூணு விரல்." தரைக்கு மேலே மூன்று விரலை வைத்துக் காட்டினாள். "இங்க ஒட்டினா ரெக்கை மரத்துல இடிக்கும். அதனால மேகத்துக்கு மேலயே இருக்கட்டும்."

லியோனார்ட் அந்த மூன்று விரலைப் பார்த்தார். பிறகு அண்ணாந்து எட்டடியையும் பார்த்தார். நிலாவை உரசிக்கொண்டு போன விமானம் இவ்வளவு தாழ்வாகவா போயிருக்கிறது? அப்படியென்றால் அந்த நிலா எங்கே இருக்கிறது? கேட்க நினைத்தார். இன்றைக்கு இது போதும் என்று விட்டுவிட்டார்.

வெளியே மெஹபூப் அலி ஹாரன் அடித்தான். "அண்ணே, இன்னா பண்ணிக்கினு கீற? பட்டினப்பாக்கத்துல மீன் லோடு நிக்குது."

"தோ வரேன்பா" என்றார் லியோனார்ட். ஆனால் அவரால் உடனே எழுந்திருக்க முடியவில்லை. கரோல் முதலில் எழுந்து கை நீட்டினாள். அவர் அதைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"திங்கக்கிழமை எட்டாங்கிளாஸுக்கு நுரையீரல் மாடல் வேணும்" என்றாள் அவள், ஏணியைத் தரையில் சாய்த்துக்கொண்டே. "நீங்க ஒட்டும்போது நா பக்கத்துல உக்காந்திருப்பேன்."

"காய்ச்சல் போயிருச்சா?"

"இல்ல."

"அப்ப நாளைக்கு ஸ்கூல் விட்டு வந்ததும் தூங்கு. ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு ஒட்டிக்கலாம்."

ஏணியை ஆளுக்கொரு முனையாகத் தூக்கிக்கொண்டு இருவரும் வாசலுக்கு நடந்தார்கள். நடுவில் இரண்டு தடவை அவர் மூச்சு வாங்க நின்றார். அவளும் நின்றாள்.